கடையால எறியுது

கிரானைத் தாண்டி மேற்கே போனால், வட்டைகளுக்கு நடுவால் உயர்த்திப் போட்ட ஒடுங்கிய தார் ரோட்டு ஒன்று வரும். இரண்டு பக்கமும் வயல். ஓரிடத்தில் அது வாய்க்காலோடு சேர்ந்து இடது பக்கம் நீளமாக வளையும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்த வளைவில் நான் காரை விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மனைவி, அரைவாசி தண்ணீர் விட்ட பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி இருந்தாள். "மச்சான், கடையால எறியுது" என்றாள். எங்கள் பக்கத்தில் மனைவிமார் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பதறிப்போய் பிரேக்கை அமத்திவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். எந்தக் கடையில் இருந்து, யார், எதை எறிகிறார்கள் என்று. கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் கடையே இல்லை. இரண்டு கொக்கும், முதுகில் மருந்து டாங்கி மாட்டிய ஒரு மனிதரும்தான் இருந்தார்கள். "ஆரு புள்ள எறியிற?" என்று கேட்டேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். "உங்கட கார்தான் எறியுது. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அவள் தன்னாமுனையில், வாவிக்கரையில் பிறந்தவள். தகப்பனிடம் ஒரு தோணி இருந்தது. தோணியின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் கடையால். வளைவில் காரின் பின்பக்கம் வெளியே வீசப் பார்க்கிறது என்பதைத்தான் தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லியிருக்கிறாள். நான் வயல்காரன் வீட்டுப் பிள்ளை. தோணியில் ஏற்றினால் நடுவில் குந்திக்கொண்டு இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொள்கிற ரகம். கடையால் என்றால் எனக்குக் கடைதான். இந்த விளக்கமெல்லாம் அன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் கிடைத்தது. அதுவரைக்கும் அவள் சிரித்து முடிக்கவில்லை.

இப்போது அந்த இடது சீட்டு இரண்டு வருடமாகக் காலியாகக் கிடக்கிறது. பயப்பட வேண்டாம், ஆள் நல்ல சுகமாக இருக்கிறாள். கனடாவில் இருக்கிறாள். மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனாள். மகளுக்கும் மருமகனுக்கும் முறை மாற்றி வேலை. பிள்ளையோடு நிற்க வீட்டில் ஆள் வேண்டும். மூன்று மாதம் ஆறானது, ஆறு ஒரு வருடமானது. இந்த வருடம் மகள், தாய் அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான பத்திரங்களை நிரப்பி மேசையில் வைத்துவிட்டாள். கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். வைக்கவா விடவா என்று மனைவி என்னிடம் கேட்டாள். நான் சிரிக்க வைக்க ஒரு பகிடி விட்டேன். வாழ்க்கையில் எனக்கு வந்த பெரிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் யாருக்கும் சேதம் வந்ததில்லை. இந்த முறை வந்துவிடும் போலிருந்தது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மட்டக்களப்பு டவுனில் வாகனம் ஓட்டப் பழக்கும் சின்னப் பள்ளி ஒன்று நடத்துகிறேன். பாதிப்பேர் என்னை மாஸ்டர் என்பார்கள், மீதிப்பேர் எல் போர்ட் என்பார்கள். இருபத்தைந்து வருடமாக இடது சீட்டில் இருந்துகொண்டு, "மெல்ல, மெல்ல, கிளச்ச விட்டிடாத, அந்தா மாடு" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை ஒரு மாதிரியாகிவிட்டது. முப்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியவர்களை நான் பேசாமல் விட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதனுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் இரண்டு கதவு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் மேல் ஆசை வந்தது. கொழும்பில் ஒருவர் அலுத்துப்போய்க் கொடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏறுவதென்றால் மடங்க வேண்டும், இறங்குவதென்றால் தவழ வேண்டும். ஸ்டியரிங்கும் என் வயிறும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டன. "மாஸ்டருக்கு வயசு கிறுகிட்டு" என்று சந்தியில் சொன்னார்கள். திரும்புவதை நாங்கள் கிறுகுவது என்போம். கிறுகினால் நல்லதுதானே, வந்த வழியே முப்பதுக்குப் போய்விடலாம் என்று நானும் சும்மா இருந்தேன்.

மனைவி காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். "பின் சீட்டு இல்லயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப உங்கட அம்மாவ ஏத்த ஏலா" என்றாள். அதன் பிறகு அவள் அந்தக் காரைப் பற்றி ஒரு குறையும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

காரின் அடியில் இருந்த விஷயம் பிறகுதான் தெரிய வந்தது. வளைவில் எந்தக் காரும் ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வைப் பிடித்து வைப்பதற்கு முன் சக்கரங்கள் இரண்டுக்கும் குறுக்காக ஒரு இரும்புக் கம்பி, பின் சக்கரங்கள் இரண்டுக்கும் குறுக்காக இன்னொன்று. கராஜில் ஸ்டெபிலைசர் பார் என்பார்கள், இன்டர்நெட்டில் படித்தவர்கள் ஸ்வே பார் என்பார்கள். சாதாரணக் காரில் அது யாருடைய தொந்தரவும் இல்லாமல் கிடக்கும். இந்தக் காரை முன்பு வைத்திருந்தவரோ, கம்பியின் ஒவ்வொரு முனையிலும் மூன்று ஓட்டைகள் உள்ளதாகப் பார்த்து வாங்கிப் போட்டிருந்தார். நான் அதைத் துருப்பிடித்த ஓட்டை என்று நினைத்து, ஏறாவூர்ப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் பாஸிடம் அடைக்கச் சொன்னேன். எங்கள் நாட்டில் கைவேலை தெரிந்த எல்லோரும் பாஸ்தான். அவர் அடியில் படுத்தபடியே சொன்னார்: "மாஸ்டர், இது துரு தின்ன ஓட்டை இல்ல. ஆரோ வேணுமெண்டே போட்டிரிக்கான்."

நுனியில் உள்ள வெளி ஓட்டையில், கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்கை மாட்டினால் கம்பி இளகி நிற்கும், உள் ஓட்டையில் மாட்டினால் இறுகி நிற்கும். இறுகினால் கார் சாயாது. ரேஸ் ட்ராக்கில் ஓட அது நல்லது. ஆனால் ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றச் சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும். நம் ரோட்டுகளில் அந்த அடி நேரே இடுப்புக்கு வரும். அதோடு, முன்கம்பியை அளவுக்கு மீறி இறுக்கினால் கார் திரும்ப மறுக்கும். பின்கம்பியை அளவுக்கு மீறி இறுக்கினால் பின்பக்கம் வெளியே வீசும். எத்தனை இறுக்கம் எங்கே வேண்டும் என்பதை ஓட்டிப் பார்த்து, உடம்பால் உணர்ந்து, ஓட்டை மாற்றி மாற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உடம்பால் உணர்வது. அங்கேதான் என் பிரச்சினை. எனக்கு ஒன்றும் தெரியாது. இது நான் இதுவரை யாரிடமும் சொல்லாத இரகசியம். வளைவில் கார் சாய்கிறதா, வழுக்குகிறதா, சிரிக்கிறதா என்று எனக்கு விளங்குவதே இல்லை. எல்லாம் ஒரே மாதிரிக் குலுங்கும். பாஸ் என்னைப் பார்த்து, "எப்பிடி மாஸ்டர், முன்னுக்கு வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்பார். நான் கண்களைச் சுருக்கி, தாடையைத் தடவி, "ம்ம்… கொஞ்சம்" என்பேன். இருபத்தைந்து வருடம் ஓட்டப் பழக்கிய மனிதனல்லவா, அவரும் மரியாதையோடு தலையை ஆட்டுவார்.

அவளுக்குத் தெரிந்தது. சின்ன வயதில் தகப்பனோடு இறாலுக்குப் போகும்போது, தோணியின் குறுக்குப் பலகையில் அரைத் தூக்கத்தில் இருந்தே, அது எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று இடுப்பால் கண்டுபிடித்தவள். கண்ணை மூடுவது பயத்தால் என்று நான் நினைத்திருந்தேன். கண் திறந்திருந்தால் உடம்பு பொய் சொல்லும் என்பாள். போத்தலில் தண்ணீர் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முழங்காலால் பார்ப்பாள். முன்பக்கம் திரும்ப மறுத்தால், "அணியம் கேக்குதில்ல." பின்பக்கம் வீசினால், "கடையால எறியுது." ரோட்டின் அடி மேலே ஏறினால், "குத்துது." எல்லாம் சரியாக வந்த நாளில் போத்தலைக் காலுக்குக் கீழே போட்டுவிட்டு, "இப்ப தண்ணியில போகுது" என்பாள். நான் வீட்டுக்கு வந்து அதை ஒரு கொப்பியில் எழுதி, கராஜுக்குப் போகும் வழியில் கார்க்காரர்கள் பேசும் பாஷைக்கு மாற்றி, பாஸிடம் என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி ஒப்புவிப்பேன். "மாஸ்டர், உங்களுக்கு நல்ல கை" என்றார் ஒரு நாள். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக நான் நரகத்துக்குப் போவதென்றால் போகத்தான் வேண்டும்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பின்கம்பியை உள் ஓட்டையில் இருந்து நடு ஓட்டைக்கு மாற்றினோம். அவள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, மூன்று நான்கு கிழமையில் ஒரு முடிவுக்கு வந்தோம். ட்ராக்குக்கு முன்கம்பி உள் ஓட்டை, பின்கம்பி நடு ஓட்டை. ஊர் ரோட்டுக்கு நான்கு முனையும் வெளி ஓட்டை. ஏனென்றால் அவளுக்கு இடுப்பில் டிஸ்க் விலகியிருந்தது. குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த டாக்டரிடமே நாங்கள் இந்தக் காரில்தான் போனோம் என்பதை அவரிடம் சொல்லவில்லை. "வராத, வீட்ட இரி" என்று நான் சொல்லாமல் இல்லை. "நான் வராட்டி ஆரு உங்களுக்குச் சொல்லித் தாற?" என்பாள். அது உண்மை என்பதால் நான் இரண்டாம் தரம் சொல்வதில்லை.

தெற்கில் ஒரு ட்ராக்கில், விருப்பமானவர்கள் காரைக் கொண்டுபோய் நேரம் பிடித்து ஓடிப் பார்க்கும் நாள் ஒன்று வந்தது. அதற்கு இரண்டு நாள் முந்தி, ட்ராக்குக்கு இறுக்கிய காரைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று வட்டை ரோட்டுக்குப் போனோம். பாதி வழியில் எதிரே வெட்டு மெஷின் ஒன்று ரோட்டை முழுதாக அடைத்துக்கொண்டு வந்தது. அறுவடைக் காலத்தில் அதனோடு நியாயம் பேச முடியாது. இடம் கிடைக்கும் வரைக்கும் நாங்கள்தான் பின்னால் போக வேண்டும். கிட்டத்தட்ட அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம், குழியும் மேடுமாக, நான் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு ரிவர்ஸில் விட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "மச்சான், அணியம் குத்துது. அத இளக்கி விடுங்க. இடுப்பு முறியுது" என்றாள்.

நான் கடமை தவறாத மாணவன். அணியம் என்றால் முன்பக்கம். கொப்பியில் எழுதினேன். அடுத்த நாள் பாஸிடம் போய், முன்கம்பியை உள் ஓட்டையில் இருந்து வெளி ஓட்டைக்கு மாற்றச் சொன்னேன். "ட்ராக்குக்குப் போறயள், முன்ன இவ்வளவு இளக்கவா மாஸ்டர்?" என்று அவர் தயங்கினார். நான் கண்களைச் சுருக்கி, தாடையைத் தடவினேன். அவர் மாற்றினார்.

ட்ராக்கில் பக்கத்தில் ஆளை ஏற்ற விடமாட்டார்கள். அவள் வேலிக்கு அங்கால், தேத்தண்ணி போத்தலோடு, எங்கள் மகள் வயதில் இருந்த இளவட்டங்களுக்கு நடுவில் நின்றாள். நான் போகும்போது அவள் சிலுவை போட்டுக்கொண்டதைக் கண்ணாடியில் கண்டேன். முதல் இரண்டு வளைவும் எப்படிப் போனது என்று வழக்கம்போல எனக்குத் தெரியாது. மூன்றாவது வளைவில் உலகம் ஒரு தரம் முழுதாகக் கிறுகியது. அங்கால் ஒரு அரைத் தரம். புல்லுக்குள், வந்த வழியைப் பார்த்தபடி, என்ஜின் நின்றுபோய் இருந்தேன். ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் வந்த காரை ஓட்டிய பெடியன் எனக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான், வயதுக்கு மரியாதை. கொடியோடு நின்றவர்கள் ஓடிவந்து, "அங்கிள் ஓகேயா?" என்றார்கள். அங்கிள் ஓகே, அங்கிளின் மானம்தான் புல்லுக்குள் எங்கேயோ கிடந்தது.

வெளியே கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் மெதுவாக நடந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தாள், கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கேட்டாள்: "என்னத்த மாத்தின நீங்க?" சொன்னேன். நீதானே அணியம் குத்துது என்று சொன்னாய் என்றேன்.  அவள் காரில் சாய்ந்துகொண்டு, கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவர்களுடைய சின்னத் தோணிக்கு இரண்டு முனையும் ஒரே மாதிரித்தான் இருக்குமாம். போகிற பக்கம் எதுவோ அதுதான் அணியம். திரும்பிப் போனால் பெயரும் திரும்பிவிடும். ரிவர்ஸில் போகும்போது காரின் பின்பக்கம்தானே முதலில் போனது? அப்போது அதுதான் அவளுக்கு அணியம். குத்தியது பின்கம்பி. நான் முன்கம்பியை இளக்கி, காரின் பிடியைக் குலைத்து, கடையாலை என் தலைக்கு மேலால் எறிய விட்டிருக்கிறேன். "வயல்காரனக் கட்டினா இதுதான்" என்றாள். "எங்கட அப்பா அப்பவே சொன்னவர், நீந்தத் தெரியாதவன் எண்டு."

அன்று பின்நேரம், மற்றவர்கள் கோப்பையும் படமும் என்று நிற்க, நான் கார் நிறுத்தும் இடத்தில் பாயைப் போட்டுக் காருக்கு அடியில் நுழைந்தேன். வீட்டுக்குப் போகும் வழிக்குப் பின்கம்பியின் இரண்டு முனையும் வெளி ஓட்டைக்கு வர வேண்டும். சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கிவிட்டு இறுக்கினால் கம்பி முறுகியபடி நின்றுவிடும். அதனால் பலகைகளை வைத்து, நான்கு சக்கரமும் பாரத்தோடு நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். என் வயிறு காருக்கும் பூமிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அவள் பக்கத்தில் ஒரு கல்லில் இருந்து, நான் கேட்ட ஸ்பேனரை எல்லாம் தந்து, கேட்காத அறிவுரையையும் தந்தாள். ஒரு மணித்தியாலம் போனது. பிறகு ஊருக்கு ஓடினோம். அவள் கண்ணை மூடியிருந்தாள். மகாஓயாவுக்கு இங்கால் வந்த பிறகு, தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, "இப்ப தண்ணியில போகுது" என்றாள். எனக்கு அந்த நாள் முழுவதிலும் கிடைத்த ஒரே பரிசு அதுதான். அதற்குப் பிறகு நான்கு வருடத்தில் ஆறு தரம் அந்த ட்ராக்குக்குப் போனோம். ஒவ்வொரு முறையும் போகும் வழிக்கு இளக்கம், அங்கே போய் இறுக்கம், வரும் வழிக்கு மறுகா இளக்கம். என்னைப் போல் காருக்கு அடியில் இத்தனை மணித்தியாலம் கிடந்துவிட்டு, மேலே இத்தனை நிமிடம் மட்டும் ஓடியவன் வேறு யாரும் இருக்கமாட்டான்.

அவள் போன பிறகு வீடு ஒரு விசித்திரமான இடமாகிவிட்டது. கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பதுதான் எங்கள் வழக்கம். தன்னாமுனை வீடு அவளுடையது, தாய் வழியில் வந்தது. பெண் அங்கே, வீடு இங்கே, நடுவில் நான். வீட்டுக்காரி இல்லாத நேரம் பார்த்து வந்து, போக மனமில்லாமல் இருக்கும் விருந்தாளி மாதிரி, சாமான்களை எடுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நடமாடினேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால், "மருமகன், எப்ப புள்ள வருகுது?" என்று கேட்பார். "பனி கரைஞ்சதும் மாமி" என்பேன். இரண்டு தரம் கரைந்துவிட்டது. மாமி இப்போது கேட்பதில்லை. அது கேட்பதைவிட மோசம்.

டெலிபோனில் நாங்கள் பேசாத நாள் இல்லை. ஆனால் என்ன பேசினோம் என்று யோசித்தால் எல்லாம் என் பகிடிதான். சோறு குழைந்த கதை, பாதிரியாரின் மோட்டார் சைக்கிளில் என் மாணவி ஒருத்தி போய் முட்டிய கதை. "பகிடிய விட்டுட்டுச் சொல்லுங்க, எப்பிடி இரிக்கீங்க?" என்று அவள் கேட்கும் இடத்தில் நான் இன்னொன்று வைத்திருப்பேன். பத்திரத்தின் கதை வந்த அன்று, "உங்களுக்கும் சேத்துப் போடலாமாம், வாறீங்களா? இல்லாட்டி நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். நான் சொன்னது இது: "அங்க எல்லாரும் ரோட்டுக்கு வலது பக்கத்தால ஓடுறாங்க புள்ள. எனக்கு மறுகா எல் போர்ட் கட்டிப்போடுவாங்க." அவள் சிரிக்கவில்லை. "சரி, மாசம் முடியிறதுக்குள்ள சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

வா என்று சொல்ல எனக்கு வாய் வராததற்குப் பகிடிக்காரன் என்பது மட்டும் காரணமில்லை. மகள் காலையில் வேலைக்குப் போகும்போது பிள்ளை இவள் இடுப்பில் இருக்கிறது. நான் ஒரு சொல் சொன்னால் அந்தப் பிள்ளையை அந்த இடுப்பில் இருந்து இறக்க வேண்டும். மகளுக்கு நான் செய்த பெரிய உதவி, அவளைப் பெற்றவளை அனுப்பி வைத்தது ஒன்றுதான். அதையும் திருப்பிக் கேட்பது எப்படி? நான் அங்கே போகலாம் என்றால், போய் என்ன செய்வேன்? ஜன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டு, மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்படியே நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது மீண்டும் ட்ராக் நாள் வந்தது. போகாமல் விடுவோம் என்று நினைத்தேன். பிறகு, தனியாகவும் ஏலும் என்று எனக்கே காட்ட வேண்டும் போலிருந்தது. பழைய கொப்பியைப் பார்த்து, வீட்டில் வைத்தே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன். முன்னுக்கு உள் ஓட்டை, பின்னுக்கு நடு ஓட்டை. போகும் வழிக்கு யாருக்காக இளக்க வேண்டும்? ஏழு மணித்தியாலம் குத்து வாங்கிக்கொண்டே போனேன். ஒவ்வொரு குழிக்கும் இடது சீட்டின் பெல்ட் கொக்கி கதவில் போய்த் தட்டியது. ஆள் இருந்தால் அது தட்டாது.

அன்று என் வாழ்க்கையிலேயே நல்ல நேரம் ஓடினேன். சுழலவில்லை, புல்லுக்குப் போகவில்லை. நேரம் எழுதிய கடதாசியைத் தந்த பெடியன், "அங்கிள், செம. காரை எப்பிடி செட் பண்ணியிருக்கீங்க? வளைவில எப்பிடி இரிக்கி?" என்று கேட்டான். நான் வாயைத் திறந்தேன். கண்ணைச் சுருக்கவும் தாடையைத் தடவவும் கை போனது. பிறகு விட்டுவிட்டேன். "தெரியா தம்பி" என்றேன். அவன் நான் தொழில் இரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனான். ஏழு தரம் வந்து தோற்றபோது என்ன நடந்தது என்று எனக்கு அணுவணுவாகத் தெரியும், அவள் சொல்லியிருப்பாள். வென்ற நாளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடதாசியோடு வேலிப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்த வழியே குத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த நாள் பின்நேரம் ஐந்தரைக்கு அழைத்தாள். அவளுக்கு அது காலை. பின்னால் பிள்ளை கரண்டியால் கோப்பையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"எப்பிடி ஓடிச்சு?"

"இதுவரைக்கும் ஓடினதுல நல்ல நேரம் புள்ள."

"அணியம் கேட்டுதா?"

வழமையாக இந்த இடத்தில் ஒரு பகிடி வைத்திருப்பேன். அன்றும் நாக்கு நுனியில் ஒன்று வந்தது. விழுங்கினேன்.

"தெரியா" என்றேன். "எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. நீ சொன்னதத்தான் நான் பாஸுக்கும் மத்த ஆக்களுக்கும் சொல்லித் திரிஞ்ச."

"அது எனக்குத் தெரியும் மச்சான். பாஸுக்கும் தெரியும்."

"பாஸுக்கும் தெரியுமா?"

"நான் போன அண்டைக்கு வந்து சொன்னார். அக்கா, இனி மாஸ்டர் என்னெண்டு காரப் பாக்கப்போறார் எண்டு கேட்டார்."

 கரண்டி தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.  அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அன்றுதான் என் உடம்புக்கு ஏதோ ஒன்று தானாகவே தெரிந்தது.

"புள்ள, கையெழுத்து வெக்காத" என்றேன். "மகளுக்குக் கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும். நான் அவளோட கதைக்கிறன், ஏசினா ஏச்சு வாங்குறன். எனக்கு நீ வேணும். நீ வா."

கரண்டி நின்றுவிட்டது. யாரோ அதைப் பிள்ளையின் கையில் இருந்து வாங்கியிருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, பிள்ளையா அவளா என்று நான் கேட்கவில்லை.

"இதச் சொல்ல ரெண்டு வருஷம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மகளோட நான்தான் கதைக்க வேணும். நீங்க கதைச்சா பகிடி விட்டுக் கெடுத்துப்போடுவீங்க. பேத்திய நேர்சரியில சேக்கிற மட்டும் நிக்க வேணும். அதுக்கு ரெண்டு மாசம் செல்லும்."

"நில்லு. ரெண்டு மாசம் நிண்டுட்டு வா."

"இப்ப கார் எந்த ஓட்டையில இரிக்கி?"

"ட்ராக்குக்கு இறுக்கினபடி."

"இன்னும் மாத்தல்லயா?"

"ஆருக்கெண்டு மாத்திற?"

அவள் பெருமூச்சு விட்டாள். முப்பது வருடமாக எனக்குப் பழக்கமான பெருமூச்சு.

"நாலையும் வெளி ஓட்டைக்கு மாத்துங்க மச்சான்" என்றாள். "எயார்போட்டுல இருந்து ஏழு மணித்தியாலம் குத்து வாங்க என்னால ஏலா."

இரண்டு மாதம் இருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வெளிச்சம் இருக்கும்போதே பாயை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.